பெட்டியோடு வந்த கூலர் தாங்குமா? ஓவர்கிளாக் செய்து சூடாகும் சிஸ்டத்துக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எனக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் சீசன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வீட்டில் இருக்கிற பையன்கள் ராத்திரி முழுக்க கேம் ஆடுவார்கள், யூட்யூபைப் பார்த்து, மதர்போர்டின் அடிப்படை செட்டிங் பக்கமான பயாஸுக்குள் போய், சிபியுவை விதித்த வேகத்துக்கு மேல் ஓட வைக்கிற ஓவர்கிளாக்கில் கை வைப்பார்கள். கோடையின் உச்சமும் அதே இரண்டு மாதம்தான். அப்புறம் போன் வரும்: "அண்ணே, ஓவர்கிளாக் பண்ணுனேன், தொண்ணூறு தாண்டுது. பெட்டியில வந்த கூலர் பத்தாதா? டவர் கூலர் வாங்கிரவா?"

(டவர் கூலர் என்பது தனியாக வாங்கி மாட்டும் உயரமான கூலர்.) இதற்கு ஒரே சொல்லில் பதில் சொன்னால் பாதி நேரம் தப்பாகிவிடும். அதனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தொண்ணூறு ஆகுறது இருக்கட்டும். எப்படி ஏறுது?" சட்டென்று ஏறுகிறதா, மெல்ல ஏறுகிறதா, போன வருஷம் ஏறாமல் இருந்து இப்போது ஏறுகிறதா? அதைச் சொன்னால் கூலர் மேல் குற்றமா, மாட்டிய கை மேல் குற்றமா, கடல்காற்று மேல் குற்றமா என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

கை வைப்பதற்கு முன்னால்

உங்கள் சிஸ்டத்தில் ஓவர்கிளாக் செய்யவே முடியுமா என்று பாருங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் 'கே' இருக்கிற சிபியுவும், 'இசட்' வரிசை மதர்போர்டும் வேண்டும். 2015-இல் வந்த 6600கே, 6700கே காலத்திலிருந்து இந்த 'கே' வகைக்குப் பெட்டியில் கூலர் வைப்பதையே விட்டுவிட்டார்கள். அதனால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. 12400எஃப் வைத்துக்கொண்டு "ஓவர்கிளாக்" என்று சொல்கிறவர்கள் உண்மையில் பவர் லிமிட்டை, அதாவது சிபியு இழுக்கலாம் என்று விதித்த மின்சார அளவைத் தூக்கியிருப்பார்கள். அதன் அடிப்படை 65 வாட், டர்போவில் 117 வாட் வரை இழுக்கும். அவர்களுக்கும் கீழே உள்ள அறிகுறிகள் பொருந்தும்.

ஏஎம்டி ரைசனில் ஏறக்குறைய எல்லாமே பூட்டில்லாமல் வருகின்றன. ஆனால் ஏ320, ஏ520 போர்டில் அந்த வசதி கிடையாது. பி450, பி550 மாதிரி இருக்க வேண்டும். ஆக, நம் கேள்வி பெரும்பாலும் ரைசனோடு வரும் ரெய்த் கூலர்களைப் பற்றியது. 2600, 3600, 5600எக்ஸ், 5600ஜி இவற்றோடு வருவது ஸ்டெல்த்: குட்டையான அலுமினியக் கட்டி, மேலே ஒரு ஃபேன், சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட்பைப் எதுவும் இல்லை. ஸ்பைர் அதைவிட உயரம். 2700எக்ஸ், 3700எக்ஸோடு வந்த பிரிசத்தில் செம்பு ஹீட்பைப் உண்டு. அது வேறு ஜாதி. பக்கவாட்டில் ஃபேன் வேகத்துக்கு ஒரு சின்ன ஸ்விட்சும் இருக்கும், அது தாழ்வில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளப்பதற்கு, சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிபியுவுக்கு முழு வேலை கொடுத்து மார்க் போடும் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பக்கத்தில் சாதாரண அறைத் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். கேஸின் காற்று நுழையும் வாய்க்கு அருகில் வையுங்கள். எழுதி வைக்க வேண்டியவை: அறையின் சூடு, சும்மா இருக்கும்போது சிபியு சூடு, டெஸ்ட் ஆரம்பித்த இரண்டாவது விநாடியில் எவ்வளவு, பத்தாவது நிமிடத்தில் எவ்வளவு.

அறையின் சூட்டை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் அறையின் சூட்டோடு கூட்டித்தான் கணக்குக் காட்டும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் ஒருவர் யூட்யூபில் 69 காட்டினார் என்றால் அவருடைய ஏற்றம் 45. மே மாத மதியத்தில் என் மேசைப் பக்கம் தெர்மாமீட்டர் 35 காட்டுகிறது. அதே சிபியு, அதே கூலர், இங்கே 80. அவர் வீடியோவைப் பார்த்து நாம் செட்டிங் எடுத்தால் 11 டிகிரியைக் கடனாக வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கிறோம்.

"டெஸ்ட்டைத் தட்டினதுமே தொண்ணூறு"

இரண்டு மூன்று விநாடிக்குள் 90-ஐத் தொட்டால் கூலர் சின்னது என்று சொல்லாதீர்கள். அலுமினியக் கட்டி சூடாக நேரம் எடுக்கும். அது சூடாவதற்கு முன்பே சிபியு கொதிக்கிறது என்றால் சூடு கட்டிக்குப் போய்ச் சேரவே இல்லை. கட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனில் விரல் படாமல். திரையில் 90, கையில் வெதுவெதுப்பு என்றால் இடையில் தொடர்பு இல்லை.

தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பி ஒருவர் 3600 வைத்திருக்கிறார். போர்டு மாற்றிக் கூலரைத் தானே திரும்ப மாட்டியிருக்கிறார். தட்டியதும் 92. டவர் கூலருக்குப் பணத்தோடு வந்து நின்றார். திருப்புளியை வைத்துப் பார்த்தால் நாலு ஸ்க்ரூவில் இரண்டு கடைசி வரை இறங்கியிருந்தது, எதிர்ப்பக்கம் இரண்டும் பாதியில் நின்றது. ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் இப்படித்தான் கட்டி சாய்ந்து உட்காரும். மூலைக்கு மூலை, எதிரெதிராக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று மட்டும் இறக்கி மாற்றி மாற்றிப் போக வேண்டும். இன்டெல் கூலர் என்றால் நாலு பிளாஸ்டிக் காலையும் போர்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். ஒன்று சரியாகப் பிளந்து உட்காராமல் தொங்கும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ரைசன்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் சிபியுவைப் பிடித்து வைக்க மூடி கிடையாது, கீழே ஊசி ஊசியாகப் பின்தான். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பழைய பேஸ்ட் இறுகிப் போயிருந்தால் கூலரை நேராகத் தூக்கும்போது சிபியுவும் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். நானே ஒரு முறை அப்படிப் பிடுங்கி, வளைந்த எட்டு பின்னை பேனாக்கத்தி முனையால் நிமிர்த்தியிருக்கிறேன். அன்று மதியச் சோறு இறங்கவில்லை. பத்து நிமிடம் டெஸ்ட் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, மெயினைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூவை எடுத்தபின் கட்டியை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுக்கும், அப்புறம் தூக்கலாம். புது பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு போதும்.

தொடர்பு சரியாக இருந்தும் சட்டென்று ஏறினால் வோல்ட்டேஜைப் பாருங்கள். கிளாக்கை (ஓடும் வேகத்தை) மட்டும் கையால் ஏற்றி வோல்ட்டேஜை ஆட்டோவில் விட்டவர்களுக்குப் போர்டு பயந்துபோய் தேவைக்கு மேல் கொடுத்துவிடும். அது கூலர் விஷயமே இல்லை. 3000, 5000 வரிசை ரைசன்களில் சில்லு சின்னது, லோடு விழுந்ததும் பதினைந்து இருபது டிகிரி துள்ளுவது இயல்பு. அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

"மெல்ல மெல்ல ஏறி, அஞ்சு நிமிஷத்துல முட்டுது"

கூலரின் உண்மையான எல்லை தெரிவது இங்கேதான். கட்டியும் கையில் சுடும், ஃபேனும் முழு வேகத்தில் கத்தும், சூடு மட்டும் நிற்காது.

முதலில் கேஸின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குறை கேஸில், கூலரில் இல்லை. பெட்டியோடு வந்த ஸ்டாக் கூலர் கேஸுக்குள் இருக்கிற காற்றையே எடுத்துக் கீழ்நோக்கி அடிக்கிறது; கிராஃபிக்ஸ் கார்டு கக்கிய வெந்நீர் மாதிரிக் காற்றை அது திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் வெளியேற்ற ஒரு ஃபேன், முன்பக்கம் உள்ளிழுக்க ஒன்று. டவர் கூலரைவிட அந்தச் செலவு குறைவு. கதவைத் திறந்தே வைத்து ஓட்டலாமே என்பீர்கள். தென்கடல் பக்கம் வீடு என்றால் கச்சான் வீசும் மாதங்களில் ஒரே வாரத்தில் உள்ளே மணல் படியும். வேண்டாம்.

கதவைத் திறந்தும் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கூலர் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. அப்போது கணக்குப் போடுங்கள். சிபியு தின்னும் மின்சாரம் கிளாக்கோடு நேராக ஏறும். வோல்ட்டேஜோடு அதன் இருமடிக்கு ஏறும். 3600 ஒன்று எல்லாக் கோரும் 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடுகிறது, அதை 4.3-க்கு ஏற்ற 1.35 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறியது ஏழரை சதவீதம். சூடு? 1.075-ஐ வோல்ட்டேஜ் ஏற்றத்தின் இருமடியான 1.27-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.36. முப்பத்தாறு சதவீதம். முன்பு அறையைவிட 45 டிகிரி மேலே நின்றது இப்போது 61 மேலே நிற்கும். 24 டிகிரி அறையில் 85, தாங்கும். நம் 35 டிகிரி அறையில் 96. 3600-க்கு விதித்த உச்சம் 95. அங்கே சிபியு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நீங்கள் ஏற்றிய ஏழரையும் போய் அதற்கு மேலும் போகும்.

ஸ்டெல்த்தைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: மார்கழியில் வாடைக்காற்றில் ஓடும், சித்திரையில் ஓடாது. பிரிசம் இருந்தால் கொஞ்சம் விளையாடலாம். ஸ்பைர் இரண்டுக்கும் நடுவில். டெஸ்ட்டை ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு "தாங்குது அண்ணே" என்று யாரும் என்னிடம் வராதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

"போன வருஷம் 78, அதே செட்டிங், இப்ப 90"

இது நம் கரைக்கே உரிய நோய். மதுரையில் சர்வீஸ் பண்ணுகிறவர் தூசி என்பார், ஊதிவிடச் சொல்வார். இங்கே தூசியோடு உப்பு இருக்கிறது.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். நம் பக்கம் ராத்திரியில் அந்த அளவு சாதாரணம். உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். கட்டியின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்கு நடுவில் படிந்த உப்பும் அப்படியே கசிந்து, தூசியைப் பிசைந்து, மத்தியானம் சிஸ்டம் ஓடும்போது காய்ந்து கட்டியாகிறது. ராத்திரி ஈரம், பகலில் சூடு, கருவாடு போடுகிற மாதிரிதான். ஒரு வருஷம் கழித்துக் கழற்றினால் ஃபின்களுக்கு இடையே சாம்பல் நிறத்தில் ஒரு அடை. நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும், அடியில் அலுமினியம் வெள்ளை மாவு பூத்திருக்கும். செம்பு அடித்தட்டு உள்ள கூலரில் செம்பும் அலுமினியமும் சேரும் விளிம்பில்தான் அரிப்பு முதலில் தொடங்கும். இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை நடக்கும். துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் இந்த மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் காற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஊதினால் இந்த அடை போகாது. பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதுகிறவர்கள் இன்னொரு தப்பும் செய்கிறார்கள், அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் தெறிக்கும். சர்வீஸ் கடைகளில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பேஸ்ட்டைத் துடைக்க நல்லது, உப்பை அது கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான். கட்டியைக் கழற்றி, ஃபேனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கட்டியை மட்டும் கழுவுங்கள். வீட்டு போர் தண்ணீரில் கழுவ வேண்டாம். பல இடங்களில் அதுவே உப்பு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஃபின் ஃபின்னாகத் தேய்த்து, இரண்டு முறை அலசி, அரை நாள் நிழலில் காய வையுங்கள். ஃபேனை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும், இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. சுற்றிவிட்டால் கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிற்று, எண்ணெய் விட்டு ஒப்பேற்றாதீர்கள்.

இத்தனையும் செய்து புது பேஸ்ட் வைத்து 80-க்கு இறங்கினால் உங்கள் கூலர் போதும், கழுவல்தான் போதாமல் இருந்தது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை: சித்திரைக்கு முன்னால் ஒன்று, கச்சான் அடங்கியபின் ஒன்று.

"சூடு 75தான், ஆனா நீலத்திரை"

கூலரை விட்டுவிடுங்கள். வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது மெமரியின் வேகத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டீர்கள். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 'வியா' (WHEA) என்ற வன்பொருள் பிழைகள் வரிசையாக இருந்தால் அதுதான். கிளாக்கை நூறு மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். நீலத்திரையும் இல்லாமல் பொட்டென்று அணைந்தால், கரண்ட் லோ வோல்ட்டேஜில் இருந்ததா, இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். பவர் சப்ளை அழுகிற சத்தம் அது.

"சூடும் இல்ல, ஆஃபும் ஆகல, மூணாவது ரவுண்டுல மார்க் குறையுது"

இரண்டு காரணம். ஒன்று பவர் லிமிட்: 65 வாட் ரைசன்களுக்குச் சாக்கெட் வழியாக 88 வாட் வரைதான் அனுமதி. அந்த வரம்பைத் தளர்த்தும் பயாஸ் செட்டிங்கான பிபிஓவைப் போடாமல் இருந்தால் அந்த வேலியில் முட்டி நிற்கும். அது கோளாறு இல்லை.

மற்றது போர்டில் சிபியுவுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் விஆர்எம். விலை குறைந்த போர்டுகளில் அதன் மேல் கட்டியே இருக்காது. இங்கே ஸ்டாக் கூலருக்கு ஒரு பெருமை உண்டு, யாரும் சொல்வதில்லை. அது காற்றைக் கீழே அடிப்பதால் சுற்றியுள்ள விஆர்எம்மும் குளிரும். டவர் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும், கீழே ஒன்றும் வராது. டவர் மாட்டியபின் சிபியு 70, ஆனாலும் வேகம் குறைகிறது என்று வந்த கேஸ்கள் பார்த்திருக்கிறேன். மொட்டை விஆர்எம் போர்டில் டவர் போட்டால் கேஸ் ஃபேனும் சேர்த்துப் போடுங்கள்.

"சும்மா கிடக்கும்போதே அம்பத்தஞ்சு"

அறை 35 என்றால் 50 வரை கவலை இல்லை. பிரவுசரைத் திறந்தாலே ஒரு கோர் துள்ளி 60 காட்டும், இறங்கும், ரைசனின் சுபாவம். 2700எக்ஸில் ஃபேனுக்காகக் காட்டும் அளவு உண்மையைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்கும், ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 'டை' என்று போட்டிருக்கிற வரியைப் பாருங்கள். துள்ளாமல் ஒரே நிலையாக 60-இல் நின்றால் மட்டும் மேலே முதல் அறிகுறிக்குப் போங்கள்.

கூலர் மாற்றாமல் என்ன கிடைக்கும்

5000 வரிசையும் அதற்குப் பிறகு வந்ததும் என்றால் பிபிஓவில் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 10-இல் ஆரம்பித்து, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, மைனஸ் 15, 20 என்று இறக்குங்கள். வோல்ட்டேஜ் குறைந்து சூடு இறங்கும், மிச்சமான இடத்தில் சிபியு தானே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். எல்லாக் கோரையும் ஒரே கிளாக்கில் கட்டிப்போடுவதைவிட ஸ்டாக் கூலருக்கு இதுவே ஏற்றது. 3000 வரிசையில் அந்த வசதி இல்லை. கையால் கிளாக்கை வைத்து, எவ்வளவு குறைந்த வோல்ட்டில் நிலைக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

தங்கச்சிமடத்துத் தம்பிக்கு அப்படித்தான் தேடினோம். ஸ்க்ரூவைச் சரியாக இறக்கிக் கட்டியைக் கழுவியபின் 4.3 மெல்ல ஏறி 94-இல் முட்டியது. 4.1-இல் 1.2 வோல்ட், மத்தியானம் 82. "ரெண்டு பாயிண்ட்தானே அண்ணே, விடுங்க" என்றார். டவர் கூலருக்குக் கொண்டுவந்த பணத்தில் முன்பக்கத்துக்கு இரண்டு ஃபேன் வாங்கிக்கொண்டார்.

போகும்போது அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்த் மாட்டும்போது போர்டிலிருந்து கழற்றிய இரண்டு பிளாஸ்டிக் பிடிகளையும் நாலு ஸ்க்ரூவையும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பின்னால் டவர் வாங்கினால் பல மாடல்கள் அந்தப் பிடியில்தான் கொக்கி மாட்டும். பிடி தொலைந்தவர்கள் ராமநாதபுரம் முழுக்கத் தேடி அலைந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள், என்னிடமும் உதிரி கிடையாது.